அட்டெண்டன்ஸ் முதல் விசாரணைக் குழு வரை: கல்லூரி ரெகுலேஷனைக் கையாளும் முறை

செமஸ்டர் முடிய ஒரு வாரம் இருக்கும்போது நோட்டீஸ் போர்டில் 'லேக் ஆஃப் அட்டெண்டன்ஸ்' பட்டியல் ஒட்டப்படும். அதில் பெயர் வந்த பிறகுதான் பலர் ரெகுலேஷன் (படிப்பு, தேர்வு விதிகளின் தொகுப்பு) என்ற ஒன்றைத் தேடுகிறார்கள். அதைப் படித்தால் அவர்களுக்கான வழி அதிலேயே இருந்திருக்கும், ஆனால் விண்ணப்பிக்க வேண்டிய தேதி போய்விட்டிருக்கும். விதி கடுமையானது என்று வருந்துவதில் பயனில்லை. எந்த விதி, எந்தத் தேதிக்குள், யார் கையெழுத்துடன் என்ற மூன்றும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில், அதிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் படிப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். கலை அறிவியல் மாணவர்களுக்கும் பின்பாதி பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் உங்கள் ரெகுலேஷன் எது என்று பாருங்கள்

மார்க்‌ஷீட்டிலோ பாடத்திட்டத்திலோ 'ரெகுலேஷன் 2017', 'ரெகுலேஷன் 2021' என்று இருக்கும். நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கு உரியது எதுவோ அதுதான் உங்களைக் கட்டுப்படுத்தும். அண்ணனோ அக்காவோ படித்தபோது இருந்த விதியைக் கேட்டு நடந்துகொண்டால் தவறிப்போகும். தியரி பாடங்களில் இன்டர்னல் மார்க்கின் (கல்லூரியே போடும் மதிப்பெண்) பங்கே 2017-க்கும் 2021-க்கும் இடையில் 20-லிருந்து 40 ஆக மாறியது.

அடுத்து, உங்கள் கல்லூரி தன்னாட்சி பெற்றதா, வெறும் இணைப்புக் கல்லூரியா? தன்னாட்சி என்றால் தேர்வு நடத்துவதும் ரெகுலேஷன் எழுதுவதும் கல்லூரிதான், சிஓஇ (தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்) அலுவலகம் உங்கள் வளாகத்திலேயே இருக்கும். இணைப்புக் கல்லூரி என்றால் பல்கலைக்கழக ரெகுலேஷன்தான், கல்லூரியின் ஹேண்ட்புக் அதற்குக் கீழேதான் வரும். உடை, வருகை நேரம், போன், விடுதி நேரம் போன்றவற்றைக் கல்லூரி தன் ஹேண்ட்புக்கில் வகுத்துக்கொள்ளலாம். ஆனால் '85 சதவீதம் இல்லையென்றால் தேர்வு எழுத முடியாது' என்று ஹேண்ட்புக்கில் எழுதியிருந்தாலும், பல்கலைக்கழகத் தேர்வுக்கான தகுதி ரெகுலேஷனில் சொல்லியிருக்கும் சதவீதம்தான். பேசும்போது 'ரெகுலேஷனில் இந்தப் பிரிவு' என்று எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். எண்ணைச் சொல்பவருக்குக் கிடைக்கும் பதில் வேறு மாதிரி இருக்கும்.

ரெகுலேஷன் கோப்பைத் தரவிறக்கி, வருகை, தேர்வுத் தகுதி, மறுமதிப்பீடு, தேர்விலிருந்து விலகல், படிப்பு இடைவெளி, ஒழுக்கம் ஆகிய ஆறு பிரிவுகளை மட்டும் தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாலை நேரம் போதும்.

75 சதவீதத்தை எண்ணும் முறை

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் தேர்வு எழுதத் தேவையான 75 சதவீதம் என்பது செமஸ்டரின் எல்லாப் பாடங்களையும் சேர்த்த ஒட்டுமொத்த வருகை. அருகில் உள்ள முழு எண்ணுக்குத் திருத்திக் கணக்கிடுவார்கள், ஆகவே 74.5 வந்தால் 75 ஆகிவிடும். ஆனால் அந்த அரை சதவீதத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஒரு ஆசிரியர் ஒரு பீரியடைத் தவறாகப் பதிந்திருந்தாலே அது கரைந்துவிடும். தன்னாட்சிக் கல்லூரிகள் சிலவற்றில் பாடம் பாடமாகத்தான் கணக்கு. அங்கே ஒட்டுமொத்தம் 82 இருந்தாலும், ஒரு பாடத்தில் 70 என்றால் அந்தப் பாடத்துக்கு ஹால் டிக்கெட் கிடையாது.

கணக்கை நாளில் போடாமல் பீரியடில் போடுங்கள். ஒரு நாளைக்கு 7 பீரியட், 70 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 490. அதில் 75 சதவீதம் 367.5, அதாவது 368 பீரியட். செமஸ்டர் பாதியில், 245 பீரியட் முடிந்த நிலையில் நீங்கள் 165 வந்திருக்கிறீர்கள் (67 சதவீதம்). இன்னும் 203 வர வேண்டும், மீதி இருப்பது 245. ஆக 42 பீரியட், அதாவது முழுதாக 6 நாள் மட்டுமே விட முடியும். இந்த 6 நாளில்தான் காய்ச்சல், அக்கா கல்யாணம், ஊர்த் திருவிழா, இன்டர்வியூ எல்லாம் அடங்க வேண்டும்.

மனக்கணக்குக்கு இன்னொரு வழி: பாதி செமஸ்டரில் எத்தனை சதவீதமோ, அதை 150-லிருந்து கழியுங்கள். வரும் எண்தான் மீதிப் பாதியில் உங்களுக்குத் தேவையான சதவீதம். 65 என்றால் இனி 85 வேண்டும். 55 என்றால் 95. 50-க்குக் கீழே போய்விட்டால் மீதி எல்லா நாளும் வந்தாலும் 75-ஐத் தொட முடியாது. அப்போதே ஃபேகல்ட்டி அட்வைசரிடம் போய்ப் பேச வேண்டும், கடைசி வாரம் வரை காத்திருக்கக் கூடாது.

எங்கே தவறு நடக்கிறது? காலையில் பத்து நிமிடம் தாமதமாக வந்து முதல் பீரியடில் ஆப்சென்ட் விழுவது. லேப் மூன்று பீரியட் என்பதை மறந்து 'ஒரு கிளாஸ்தானே' என்று விடுவது. ஓடி (ஆன் டியூட்டி, கல்லூரி அனுமதியுடன் வெளி நிகழ்ச்சிக்குப் போவது) போட்ட நாள் போர்ட்டலில் ஆப்சென்டாகவே இருப்பது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போர்ட்டலைத் திறந்து, உங்கள் குறிப்போடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் அந்த வாரத்திலேயே அந்த ஆசிரியரிடம் சொல்லுங்கள். இரண்டு மாதம் கழித்து 'சார், அன்னைக்கு நான் வந்தேன்' என்றால் அவருக்கே நினைவிருக்காது.

65-க்கும் 75-க்கும் நடுவில்

ரெகுலேஷன் இங்கே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் அல்ல. நீண்ட நாள் மருத்துவமனையில் இருந்தது, விபத்து, குறிப்பிட்ட நோய், விளையாட்டுப் போட்டியில் பங்கேற்றது ஆகிய காரணங்களால் 65 முதல் 74 வரை வந்தவர்கள், கல்லூரி முதல்வர் சான்றொப்பமிட்ட மருத்துவச் சான்றோ விளையாட்டுச் சான்றோ கொடுத்துத் தேர்வு எழுதலாம். அந்தச் சான்று பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் போகும். 'கண்டோனேஷன் ஃபீஸ் (வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ளும் கட்டணம்) கட்டினால் விட்டுவிடுவார்கள்' என்று நினைப்பது தவறு. காரணமும் சான்றும் இல்லாமல் பணம் மட்டும் இதைச் சரிசெய்யாது.

மருத்துவச் சான்று எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். 'வைரல் ஃபீவர், பத்து நாள் ஓய்வு' என்று துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி, செமஸ்டர் கடைசியில் கொடுப்பது பலவீனமானது. அதைவிட மோசம், சான்றில் உள்ள தேதியில் நீங்கள் லேப் ரெக்கார்டில் கையெழுத்து வாங்கியிருப்பது. ஒப்பிட்டுப் பார்க்கும்போது அது பொய்ச் சான்று என்றாகிவிடும், வருகைக் குறைவு ஒழுங்கு நடவடிக்கையாக மாறும். உண்மையாகவே நோயுற்றவர் செய்ய வேண்டியது:

1. படுத்த முதல் இரண்டு நாளுக்குள் அப்பாவோ அம்மாவோ கிளாஸ் அட்வைசருக்கும் எச்ஓடிக்கும் (துறைத் தலைவர்) மின்னஞ்சல் அனுப்பட்டும். வாட்ஸ்அப் செய்தி மட்டும் போதாது, பிறகு தேடி எடுக்க முடியாது.
2. மருத்துவமனையில் சேர்ந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, சேர்ந்த தேதியும் வெளிவந்த தேதியும் உள்ள பில், பரிசோதனை அறிக்கை மூன்றையும் வாங்குங்கள். மருத்துவரின் பதிவு எண் சான்றில் இருக்கிறதா என்று பாருங்கள்.
3. திரும்பி வரும் நாளிலேயே உடல் தகுதிச் சான்றுடன் விடுப்புக் கடிதம் கொடுத்து, நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள்.

கடைசியில் சொன்ன நகல்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. அலுவலகத்தில் கோப்பு காணாமல் போவது புதிதல்ல.

ஓடி விஷயத்தில் வரிசை தலைகீழாகிவிடக் கூடாது. அழைப்புக் கடிதத்துடன் ஓடி படிவம், கிளாஸ் அட்வைசர், எச்ஓடி கையெழுத்து எல்லாம் போகும் முன். பங்கேற்புச் சான்றின் நகல் திரும்பியதும். விளையாட்டிலும் இதே வரிசைதான், போய் வந்து கோப்பையைக் காட்டினாலும் முன் அனுமதி இல்லையென்றால் வாதாட இடமில்லை.

கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் அடுக்கு வேறு. அங்கே 65-க்கு மேல் 75-க்குள் என்றால் கட்டணத்துடன் கண்டோனேஷன், 50-க்கு மேல் 65-க்குள் என்றால் இந்தத் தேர்வு இல்லை ஆனால் அடுத்த தேர்வில் எழுதலாம், 50-க்குக் கீழே என்றால் செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும் என்பது வழக்கம். பொறியியலில் 65-க்குக் கீழே போனால் நடு அடுக்கு கிடையாது. தேர்வு எழுத முடியாது, அடுத்த செமஸ்டருக்கும் போக முடியாது, அடுத்த கல்வியாண்டில் அதே செமஸ்டரை மீண்டும் படிக்க வேண்டும்.

நிலைமை கைமீறும் என்று தெரிந்தால்

குடும்பத்தில் பெரிய சிக்கல், நீண்ட சிகிச்சை, மனநலப் பிரச்சினை என்று ஏதோ ஒன்றால் இந்த செமஸ்டர் தேறாது என்று நடுவிலேயே தெரிந்துவிடுகிறது. அப்போது வெறுமனே வராமல் இருந்து டிடெயின் ஆவதற்கும் (வருகைக் குறைவால் நிறுத்தப்படுவது), முறையாகப் 'பிரேக் ஆஃப் ஸ்டடி' (அனுமதி பெற்ற படிப்பு இடைவெளி) வாங்குவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வகுப்பிலிருந்து ஓராண்டு விலகி நிற்பது இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் அனுமதி பெற்ற இடைவெளியில் போன ஓராண்டு, டிகிரியில் ஃபர்ஸ்ட் கிளாஸா, டிஸ்டிங்ஷனா என்று நிர்ணயிக்கும்போது உங்களுக்கு எதிராகப் போகாது. வருகைக் குறைவால் நிறுத்தப்பட்ட காலம் அனுமதி பெற்ற இடைவெளியாகக் கருதப்படாது.

விண்ணப்பத்தில் காரணம், ஆதாரம், மீண்டும் சேர உத்தேசித்த காலம் மூன்றும் இருக்க வேண்டும். கல்லூரி முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்தின் மாணவர் நல இயக்குநருக்குப் போக வேண்டும். அந்த செமஸ்டர் தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசி நாள்தான் எல்லை. அதைத் தாண்டினால் வெறும் கோரிக்கைதான். திரும்பி வரும்போது புதிய ரெகுலேஷன் நடப்புக்கு வந்திருந்தால் கூடுதல் பாடங்கள் படிக்க நேரலாம் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். பொறியியல் படிப்பை முடிக்க மொத்தமாக 14 செமஸ்டர், லேட்டரல் என்ட்ரிக்கு (நேராக இரண்டாம் ஆண்டில் சேர்பவர்கள்) 12 செமஸ்டர்தான் உச்ச வரம்பு.

இன்னொரு வசதியைப் பலர் அறிவதில்லை. வருகைத் தகுதி இருக்கிறது, ஆனால் தேர்வு நேரத்தில் உடல்நிலை மோசம் அல்லது வீட்டில் எதிர்பாராத துயரம் என்றால் 'வித்ட்ராயல்' (அனுமதியுடன் தேர்விலிருந்து விலகல்) கேட்கலாம். படிப்புக் காலம் முழுவதிலும் ஒரே ஒரு செமஸ்டரில்தான் இது கிடைக்கும். தேர்வுக்குப் பத்து நாள் முன் என்ற நிபந்தனை உண்டு, அசாதாரணச் சூழலில் அதைத் தளர்த்தவும் இடமிருக்கிறது. இதன் பலன் என்னவென்றால், அது ஒரு முறை எழுதித் தோற்றதாகக் கணக்கில் வராது. டிஸ்டிங்ஷனுக்கு எல்லாப் பாடமும் முதல் முயற்சியிலேயே தேற வேண்டும். ஆகவே 8.5-க்கு மேல் சிஜிபிஏ (எல்லா செமஸ்டரும் சேர்ந்த சராசரி) வைத்திருக்கும் மாணவர் சும்மா தேர்வுக்குப் போகாமல் இருந்துவிட்டால் அந்த வாய்ப்பை இழப்பார். வித்ட்ராயல் வாங்கியவர் இழக்கமாட்டார்.

பாஸ் மார்க்கும் ரீவேலும்

2021 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வை 100-க்கு எழுதி 60-ஆகக் குறைப்பார்கள். பாஸாக இரண்டு நிபந்தனைகள்: மொத்தத்தில் 50, தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம், அதாவது 60-க்கு 27. இன்டர்னல் 23 அல்லது அதற்கு மேல் இருந்தால் பேப்பரில் 45 எடுத்தாலே தேறலாம். 20 என்றால் 50 வேண்டும். 12 என்றால் 64 வரை போக வேண்டும். இன்டர்னலில் 40-க்கு 40 வாங்கியவர்கூட பேப்பரில் 44 எடுத்தால் அரியர்தான். ஆகவே இன்டர்னல் மார்க்கை செமஸ்டர் முடியும் முன் போர்ட்டலில் சரிபாருங்கள். அசைன்மென்ட் கொடுத்தும் பதிவாகவில்லை என்பதை அனுப்பும் முன் திருத்தலாம். பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு திருத்துவது பெரும்பாடு.

ரிசல்ட் எதிர்பாராமல் வந்தால் வரிசை இது: முதலில் விடைத்தாள் போட்டோகாப்பி, பிறகு ரீவேல்யூவேஷன் (ரீவேல், அதாவது மறுமதிப்பீடு), அதிலும் திருப்தி இல்லையென்றால் ரிவ்யூ (மறுபரிசீலனை). ஒரு படியைத் தாண்டி அடுத்ததற்குப் போக முடியாது. போட்டோகாப்பி வாங்காதவருக்கு ரீவேல் இல்லை, ரீவேல் போடாதவருக்கு ரிவ்யூ இல்லை. ரிசல்ட் விடுமுறையில் வரும், மாணவர் ஊரில் இருப்பார், ஒரு வாரம் கழித்துக் கல்லூரிக்கு வந்தால் போர்ட்டல் மூடியிருக்கும். ரிசல்ட் வந்த அன்றே கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிராக்டிகலுக்கும் புராஜெக்டுக்கும் ரீவேல் கிடையாது.

போட்டோகாப்பி வந்ததும் கோபத்தோடு புரட்டாதீர்கள். பார்ட் ஏ-வில் 10 கேள்வி தலா 2, பார்ட் பி-யில் 5 கேள்வி தலா 13, பார்ட் சி-யில் ஒரு 15. இந்த வரிசையில் ஒரு தாளில் கட்டம் போட்டு ஒவ்வொன்றுக்கும் கிடைத்ததை எழுதுங்கள். உள்ளே இருக்கும் மார்க் முகப்புக் கட்டத்துக்கு வந்திருக்கிறதா, கூட்டல் சரியா, திருத்தாமல் விட்ட பக்கம் உண்டா, கடைசிப் பக்கத்தில் தொடர்ந்து எழுதிய விடையைப் பார்த்திருக்கிறார்களா என்று சரிபாருங்கள். பிறகு அந்தப் பாடம் எடுத்த ஆசிரியரிடம் கொடுங்கள். அவர் கேள்வி வாரியாக மார்க் போட்டுப் பரிந்துரைப்பதுதான் ரீவேலுக்கு அடிப்படை. அவர் 'இதற்கு மேல் வராது' என்று சொன்னால் அதை மதிப்பது நல்லது.

ரீவேல் முடிவு வரும் முன்பே அடுத்த தேர்வின் அரியர் கட்டணக் கடைசி நாள் வந்துவிடலாம். ரீவேலில் பாஸாகிவிடுவோம் என்று நம்பி அரியருக்குப் பதியாமல் விட்டால், முடிவு பாதகமானால் ஆறு மாதம் வீண். இரண்டையும் செய்துவிடுங்கள்.

விடைத்தாளைப் பார்ப்பது சலுகை அல்ல, உரிமை. 2011-இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், தேர்வர் தன் திருத்தப்பட்ட விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பார்க்கவும் நகல் பெறவும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. போட்டோகாப்பி தேதி தவறியவருக்கும் இந்த வழி இருக்கிறது. ஆனால் அதனால் ரீவேல் தேதி நீளாது.

தேர்வு அறையில்

பிட் வைத்துக்கொண்டு போகிறவருக்கு நாங்கள் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் எந்தத் தவறான எண்ணமும் இல்லாமல் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காக இது. அணைத்து வைத்த போன் பாக்கெட்டில் இருந்தாலும் அது முறைகேடுதான், 'பயன்படுத்தவில்லை' என்பது விடுவிக்காது. ஸ்மார்ட் வாட்ச் அப்படியே. ஹால் டிக்கெட்டின் பின்புறம் பென்சிலில் எழுதிய அறை எண்ணோ ஃபார்முலாவோ, கால்குலேட்டர் மூடியின் உள்பக்கக் கிறுக்கல், நண்பரிடம் இரவல் வாங்கிய டேட்டா புக்கில் அவர் ஓரத்தில் எழுதிய குறிப்பு எல்லாமே ஆட்சேபத்துக்குரிய பொருளாகக் கருதப்படும். முதல் நாள் இரவே டேட்டா புக்கைப் பக்கம் பக்கமாகப் புரட்டி அழியுங்கள். அறைக்குள் நுழையும் முன் பாக்கெட்டை வெளியே இழுத்துப் பாருங்கள்.

விடைத்தாளில் பெயர் எழுதுவது, அடையாளம் தெரியும்படி குறியிடுவது, 'ஐயா, குடும்பக் கஷ்டம், பாஸ் போடுங்கள்' என்று வேண்டுகோள் எழுதுவது ஆகியவையும் முறைகேட்டுப் பட்டியலில் உண்டு. சாமி பெயரை மேலே எழுதும் பழக்கத்தையும் தேர்வுத் தாளில் விட்டுவிடுங்கள்.

பிடிபட்டால் வாக்குமூலம் எழுதச் சொல்வார்கள். நடந்ததை மட்டும், நேரத்துடன், உங்கள் சொற்களில் எழுதுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். மற்றவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டாம். தவறு செய்திருந்தால் மறுக்க வேண்டாம், ஆதாரம் விடைத்தாளோடு இணைத்துப் போயிருக்கும். அந்த ஒரு பாடம் ரத்தாவதிலிருந்து, அந்த செமஸ்டரின் எல்லாத் தேர்வும் ரத்தாவது, அடுத்த செமஸ்டர்களுக்கு டிபார் (தேர்வெழுதத் தடை) என்று தண்டனை கனத்துக்கொண்டே போகும். மற்றவர் பெயரில் தேர்வு எழுதுவது, கண்காணிப்பாளரை மிரட்டுவது போன்றவை உச்சத்துக்குக் கொண்டுபோகும். விடைத்தாளைக் கிழித்துப் போட்டுத் தப்பிக்கப் பார்ப்பவர் சின்னக் குற்றத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறார்.

விசாரணைக்குக் கடிதம் வரும், கட்டாயம் போங்கள். 1962-இல் கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கில், தேர்வு முறைகேட்டுக்காக ஒருவரைத் தண்டிக்கும் முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்க அழைக்கும்போது போகாமல் இருப்பவர் அந்தப் பாதுகாப்பைத் தானே கைவிடுகிறார்.

கல்லூரி ஒழுங்கு நடவடிக்கை

விடுதிச் சண்டை, வகுப்பறைத் தகராறு, சமூக ஊடகப் பதிவு என்று எதற்காகவும் இது வரலாம். அண்ணா பல்கலைக்கழக ரெகுலேஷனின் ஒழுக்கப் பிரிவு சொல்வதைக் கவனியுங்கள்: முதல்வரும் இரண்டு துறைத் தலைவர்களும் கொண்ட குழு விசாரிக்க வேண்டும், அந்த இருவரில் ஒருவர் மாணவரின் துறையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். சஸ்பென்ஷன் அல்லது நீக்கம் வரை போகும் கடுமையான நடவடிக்கை என்றால், குழுவில் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதி ஒருவரும் இடம்பெற வேண்டும். 'நாளையிலிருந்து வராதே' என்று வாய்மொழியாகச் சொல்லி வாரக்கணக்கில் வெளியே நிறுத்துவது இந்த முறைக்கு உட்பட்டதல்ல. அப்படி நேர்ந்தால் அன்றே எழுத்தில் கேளுங்கள்.

பெரும்பாலானோர் செய்யும் தவறு, பயத்தில் ஆசிரியர் சொன்னபடி அபாலஜி லெட்டர் எழுதிக் கொடுத்துவிடுவது. 'நான் செய்த எல்லாத் தவறுகளுக்கும்' என்று எழுதிய ஒரு வரி, செய்யாததையும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் எதற்கு என்று வரையறுத்துக் கேளுங்கள். ஷோ காஸ் நோட்டீஸுக்குப் (விளக்கம் கேட்கும் கடிதம்) பதில் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கீழே உள்ளது போல எழுதலாம்:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் 12ஆம் தேதியிட்ட கடிதம் 13ஆம் தேதி கிடைத்தது. 10ஆம் தேதி மாலை விடுதி உணவகத்தில் நடந்த வாக்குவாதத்தில் நான் இருந்தேன். உரத்த குரலில் பேசியது உண்மை, அதற்கு வருந்துகிறேன். பொருட்களை உடைத்ததாகக் கூறப்படுவது சரியல்ல, அப்போது நான் என் அறைக்குத் திரும்பிவிட்டேன். உடனிருந்த இருவரின் பெயர்களை இணைத்துள்ளேன். புகாரின் நகலையும், கண்காணிப்புக் கேமரா பதிவைப் பத்திரப்படுத்துவதையும், அதைப் பார்க்கும் வாய்ப்பையும், விசாரணைக்குப் பெற்றோருடன் வர அனுமதியையும் கேட்டுக்கொள்கிறேன்."

கேமரா பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும் அமைப்புகள் உண்டு. ஆகவே அதைப் பத்திரப்படுத்தக் கோரும் வரியை முதல் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும்.

ராகிங் என்றால் மன்னிப்புக் கடிதத்தோடு முடியாது. 1996-இல் மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டதை அடுத்து தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் 1997 வந்தது. அதன்படி இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், தண்டனை உறுதியானால் கல்லூரியிலிருந்து நீக்கம், வேறு எங்கும் சேரவும் முடியாது. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2009 விதிமுறையில், குற்றம் செய்தவர் யார் என்று தெரியாவிட்டால் கூட்டாகத் தண்டிக்கவும் இடமுண்டு. பக்கத்தில் நின்று சிரித்தவருக்கும் இது பொருந்தும். பாதிக்கப்பட்டவர் 1800-180-5522 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் பேசலாம். குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தால் கல்லூரித் தலைமை 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் புகார் பதிய வேண்டும். புகாரை அமுக்கும் தலைமையைத் தமிழ்நாட்டுச் சட்டம் உடந்தையாகக் கருதுகிறது. பாலியல் தொல்லைக்கு உள்ளகப் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும்.

புகார் மேலே போகும் பாதை

வகுப்புக் கமிட்டியில் தொடங்குங்கள். அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஒருவர் தலைமையில், மாணவர் பிரதிநிதிகளும் சேர்ந்து கூடும் அமைப்பு அது. இன்டர்னல் தேர்வுத் தேதி, முடியாத போர்ஷன், லேப் கருவி இல்லாமை போன்றவற்றை அங்கே பேசி மினிட்ஸில் (கூட்டக் குறிப்பு) ஏற்றினால் பாதிச் சிக்கல் தீரும். பல கல்லூரிகளில் பிரதிநிதிகள் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வருவது வருத்தமளிக்கிறது. மினிட்ஸில் இல்லாத பிரச்சினை பிறகு நடக்காததாகவே ஆகிவிடும்.

அங்கே தீரவில்லையென்றால், யுஜிசியின் 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டிய மாணவர் குறைதீர் குழுவுக்கு எழுதுங்கள். சிறப்பு அழைப்பாளராக ஒரு மாணவரும் அதில் இருப்பார். புகார் கிடைத்ததிலிருந்து 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அந்த முடிவில் திருப்தி இல்லையென்றால் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் ஆம்பட்ஸ்பர்சனிடம் (மாணவர் குறைகளை விசாரிக்கும் நடுவர்) மேல்முறையீடு. அவர் 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். குறைதீர் குழுவைத் தாண்டி நேராக அவரிடம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார். 'மார்க் குறைவு, மறுபடி திருத்துங்கள்' என்ற கோரிக்கையையும் ஏற்கமாட்டார், மதிப்பீட்டில் முடிவையே மாற்றும் குறிப்பான முறைகேட்டையோ பாகுபாட்டையோ நீங்கள் சுட்டிக்காட்டினால் ஒழிய.

படிப்பை விடும்போது அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொண்டு 'மீதி ஆண்டுகளின் ஃபீஸையும் கட்டு' என்பதை யுஜிசியின் 2018 அறிவிப்பு தடுக்கிறது. சேரும் நாளில் அசலைக் காட்டிச் சரிபார்க்கச் செய்துவிட்டு, சான்றொப்பமிட்ட நகலை மட்டும் கொடுங்கள். அசலை வாங்கியே தீருவோம் என்றால், ஒவ்வொரு சான்றின் வரிசை எண்ணும் எழுதிய ரசீதைக் கல்லூரி முத்திரையுடன் கேட்டு வாங்குங்கள். பிறகு திரும்பக் கேட்கும் கடிதத்தில் அந்த ரசீதின் நகலை இணைத்து, ஒப்புகையுடன் கூடிய ஸ்பீட் போஸ்டில் முதல்வர் பெயருக்கு அனுப்புங்கள்.